இணைகோடுகளின் சமன்பாடும் சரிவு நிலத்தின் அளவீடும்

ஒரே தளத்தில் அமைந்து, இருபுறமும் எவ்வளவு நீட்டினும் ஒன்றையொன்று சந்திக்காத நேர்கோடுகள் இணைகோடுகள் எனப்படும். இவ்வரைவிலக்கணத்தைப் பள்ளி மாணவர் அனைவரும் அறிவர். ஒரு கோட்டின் சமன்பாடு தரப்பட்டால் அதற்கு இணையான கோட்டின் சமன்பாட்டை எழுதுவதும் அவர்களுக்குக் கடினமன்று; இறுதியில் நிற்கும் எண்ணை மாற்றினால் போதும். ஆயின் அவ்வெண்ணை எவ்வளவு மாற்றினால் கோடு எவ்வளவு தூரம் நகரும் என்னும் வினாவிற்குத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெறும் மாணவரும் பெரும்பாலும் தவறான விடையே கூறுகின்றனர். தாளில் நேரும் இத்தவறு ஓர் அழிப்பானால் நீங்கிவிடும். நிலத்தில் நேர்ந்தால், தென்னை வரிசையாகவோ வரப்பாகவோ தாங்குசுவராகவோ நிலைத்துவிடும்.

தென் அந்தமான் தீவில், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேர் நகரின் ஒரு பகுதி டெய்ரி ஃபார்ம். இந்நகரமும் அதன் சுற்றுப்புறமும் குன்றும் பள்ளமுமாக அமைந்தவை. சமதளமான நிலம் குறைவு. ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் ஆகிய இரண்டும் மழை தருகின்றன. இத்தகைய இடத்தில் சரிவின் வழியே நேராக வெட்டப்படும் வாய்க்கால் மண்ணை அரித்துச் செல்லும். சரிவுக்குக் குறுக்காக, ஒரே உயரத்தைத் தொடர்ந்து அமைக்கப்படும் வரப்பும் மர வரிசையும் நீரின் வேகத்தைத் தணிக்கும். குறுக்காக ஒன்றன்பின் ஒன்றாக அமையும் அவ்வரிசைகள் இணைகோடுகளே. எனவே இப்பகுதியில் ஆயத்தொலை வடிவ கணிதம் கற்பிக்கும் ஆசிரியருக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. வகுப்பறையின் சாளரத்தைத் திறந்தால் போதும்.

கோட்டின் குடும்பம்

தென்மேற்கு மூலையை ஆதிப்புள்ளியாகக் கொண்ட ஒரு தோட்டத்தை உதாரணமாகக் கொள்க. தெற்கு வேலி சரியாகக் கிழக்கு நோக்கியும், மேற்கு வேலி சரியாக வடக்கு நோக்கியும் செல்கின்றன. ஒரு புள்ளி ஆதிப்புள்ளியிலிருந்து கிழக்கே எத்தனை மீட்டர் என்பதைக் ‘கி’ எனவும், வடக்கே எத்தனை மீட்டர் என்பதை ‘வ’ எனவும் குறிக்க. பாடநூல்களில் எக்ஸ், ஒய் என வழங்கும் தொலைகளே இவை. நில அளவைப் பணியாளருக்குக் கிழக்கும் வடக்கும் கைவந்த சொற்களாதலின் இங்கு இவ்வெழுத்துகள் கொள்ளப்படுகின்றன.

தெற்கு வேலியில் 100 மீட்டரில் ஒரு முளையும், மேற்கு வேலியில் 75 மீட்டரில் மற்றொரு முளையும் அடித்து இரண்டிற்கும் இடையே கயிறு கட்டுக. அக்கயிற்றின் சமன்பாடு

3கி + 4வ = 300

என்பதாகும். கிழக்கே 100, வடக்கே 0 எனக் கொண்டால் இடப்புறம் 300 வரும். கிழக்கே 0, வடக்கே 75 எனக் கொண்டாலும் 300 வரும். கயிற்றின் மீது நடக்கும் ஒருவர் கிழக்கே 4 மீட்டர் சென்றால் 3கி என்பது 12 கூடும். சமன்பாடு கெடாதிருக்க 4வ என்பது 12 குறைய வேண்டும். அதாவது அவர் தெற்கே 3 மீட்டர் செல்ல வேண்டும். கிழக்கே 4, தெற்கே 3 என்னும் இவ்விகிதமே கோட்டின் சாய்வு. இதனை உறுதிசெய்தவை 3, 4 என்னும் இரு குணகங்களே. 300 என்னும் மாறிலிக்கு இதில் பங்கில்லை. ஆகவே 3கி + 4வ = 180, 3கி + 4வ = 400, 3கி + 4வ = −200 ஆகிய யாவும் ஒரே சாய்வுடையன; ஆதலின் ஒன்றுக்கொன்று இணையானவை. பொதுவாக, அ×கி + ஆ×வ = ம என்னும் சமன்பாட்டில் அ, ஆ ஆகியவற்றை நிலைநிறுத்தி ம-வை மட்டும் மாற்றினால் கிடைப்பது இணைகோடுகளின் ஒரு குடும்பமாகும்.

குறித்த ஒரு புள்ளி வழியே இணைகோடு வரைதல் இதிலிருந்து எளிதில் பெறப்படும். தோட்டத்தில் கிழக்கே 20, வடக்கே 30 மீட்டரில் ஓர் எல்லைக்கல் நிற்கிறது எனக் கொள்க. அவ்வெண்களை இடப்புறத்தில் இட, 3×20 + 4×30 = 180. எனவே கல்லின் வழியே செல்லும் இணைகோடு 3கி + 4வ = 180 ஆகும். கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஒரு புள்ளிக்கு ம-வின் மதிப்பு ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் என்பதும் இங்கு நோக்கத்தக்கது. ஒரு கோட்டிற்கு வெளியேயுள்ள புள்ளி வழியே அதற்கு இணையாக ஒரு கோடுதான் வரையலாம் என்று ஸ்காட்லாந்து நாட்டுக் கணிதர் பிளேஃபேர் 1795-இல் தம் வடிவியல் நூலில் எடுத்துரைத்த கூற்று, இவ்வாறு எண்கணக்காகக் கண்முன் நிற்கிறது. வடிவியலில் மெய்ப்பிக்காது ஏற்றுக்கொள்ளப்படும் ஒன்று, ஆயத்தொலை முறையில் சாதாரணக் கூட்டலாக மாறிவிடுவதை மாணவர்க்குச் சுட்டிக்காட்டுவது நன்று.

இடைத்தூரம்

இனி, தவறு நிகழும் இடத்திற்கு வருவோருக்குச் சற்று நிதானம் வேண்டும். தென்னைக்கு 7.5 மீட்டர் இடைவெளி பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது. மேற்கூறிய கயிற்றுக் கோட்டின் மீது முதல் வரிசையை நட்ட ஒருவர், அடுத்த வரிசைக்காக மேற்கு வேலியோரம் 75 மீட்டர் முளையிலிருந்து நாடாவால் 7.5 மீட்டர் அளந்து, 82.5 மீட்டரில் புதிய முளை அடிக்கிறார். அங்கிருந்து முதற்கயிற்றுக்கு இணையாக இரண்டாங்கயிறு கட்டுகிறார். வேலியோரம் அளந்த அளவில் பிழையில்லை. கயிறும் இணையாகவே உள்ளது. எனினும் வரிசைகளுக்கு இடையே உள்ள தூரம் 7.5 மீட்டர் அன்று, 6 மீட்டரே.

காரணம் காண்க. முதற்கயிறும் இரு வேலிகளும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணத்தை ஆக்குகின்றன. அதன் பக்கங்கள் 100, 75, கர்ணம் 125. பரப்பு, 100ஐ 75ஆல் பெருக்கியதில் பாதி. கர்ணத்தையே அடியாகக் கொண்டால், அதே பரப்பு 125ஐச் செங்குத்துயரத்தால் பெருக்கியதில் பாதி. ஆகவே ஆதிப்புள்ளியிலிருந்து கயிற்றுக்குச் செங்குத்துத் தூரம் 100 × 75 ÷ 125 = 60 மீட்டர். இந்த 60 என்பது 300ஐ 5ஆல் வகுத்த ஈவு என்பதையும், 5 என்பது 3, 4 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலம் என்பதையும் காண்க. இரண்டாங்கயிற்றின் மாறிலி 4 × 82.5 = 330; அதனை 5ஆல் வகுக்க 66. இரு கயிறுகளுக்கும் இடையே 66 − 60 = 6 மீட்டர்.

எனவே விதி இது: அ×கி + ஆ×வ என ஒரே இடப்புறம் உடைய இரு இணைகோடுகளின் இடைத்தூரம், மாறிலிகளின் வேறுபாட்டை √(அ² + ஆ²) என்பதால் வகுத்தது ஆகும். மாறிலிகளின் வேறுபாடே தூரமன்று. வேலியின் மீது விழும் வெட்டுத்துண்டுகளின் வேறுபாடும் தூரமன்று. வேலி, வரிசைகளைச் சாய்வாக வெட்டுகிறது. சாய்வாக வெட்டும் கோட்டின் வழியே அளந்த தூரம் செங்குத்துத் தூரத்தைவிட எப்போதும் மிகுந்தே இருக்கும்.

7.5 மீட்டர் இடைத்தூரம் வேண்டுமானால் மாறிலி 7.5 × 5 = 37.5 கூட வேண்டும். அடுத்த வரிசை 3கி + 4வ = 337.5. மேற்கு வேலியில் முளைக்கு முளை 37.5 ÷ 4 = 9.375 மீட்டரும், தெற்கு வேலியில் 37.5 ÷ 3 = 12.5 மீட்டரும் வர வேண்டும். வேலியின் மீது 9 மீட்டருக்கு மேல் இடைவெளி விழுவதைக் கண்டு வேலையாள் ஐயுறக்கூடும். அவருக்கு வரிசைகளின் குறுக்கே நாடாவைச் செங்குத்தாகப் பிடித்துக் காட்டுவதே சிறந்த விடை.

தவறின் விலை என்ன? வரிசைக்குள் மரத்திற்கு மரம் 7.5 மீட்டர் என வைத்துக்கொண்டால், சரியான நடவில் ஒரு தென்னைக்கு 56.25 சதுர மீட்டர் கிடைக்கும். பிழையான நடவில் 45 சதுர மீட்டரே கிடைக்கும். ஹெக்டேருக்கு முன்னதில் ஏறக்குறைய 177 மரங்கள், பின்னதில் 222. நான்கு மரங்களுக்குரிய நிலத்தில் ஐந்து மரங்கள் நிற்கின்றன. கன்றுப் பருவத்தில் இது புலப்படாது; மட்டைகள் விரிந்து ஒன்றோடொன்று கோத்து வெயிலை மறைக்கும் காலத்தில்தான் தெரியவரும். அப்போது முளையைப் பிடுங்கி நடுவதுபோல் மரத்தைப் பிடுங்கி நட இயலாது. நெட்டைத் தென்னை அறுபது ஆண்டுகளும் அதற்கு மேலும் நிற்பதாகலின், ஒரு முற்பகல் வேலையின் பிழை இரு தலைமுறைக்கு நீடிக்கும்.

வரிசைக்குள் மரங்களை வைப்பதற்கும் அதே குணகங்கள் துணைபுரியும். ஒரு குழியிலிருந்து கிழக்கே 6 மீட்டரும் தெற்கே 4.5 மீட்டரும் சென்றால் அதே வரிசையில் சரியாக 7.5 மீட்டர் தள்ளி அடுத்த குழி அமையும். 3 × 6 − 4 × 4.5 = 0 ஆதலின் வரிசை பிசகுவதில்லை.

வேடமிட்ட சமன்பாடுகள்

6கி + 8வ = 700 என்னும் கோடு 3கி + 4வ = 300 என்பதற்கு இணையா? குணகங்கள் வேறாயினும் விகிதம் ஒன்றே, ஆகவே இணைதான். ஆனால் இடைத்தூரம் காணுமுன் இரண்டாவது சமன்பாட்டை முதலாவதின் வடிவிற்குக் கொணர்தல் வேண்டும். இரண்டால் வகுக்க 3கி + 4வ = 350. இடைத்தூரம் 50 ÷ 5 = 10 மீட்டர். வகுக்காமல் 700இலிருந்து 300ஐக் கழித்து 5ஆல் வகுப்போர் 80 மீட்டர் என்பர். 10ஆல் வகுப்போர் 40 என்பர். இரண்டும் பிழை. இவ்வகைக் கணக்கை வகுப்பில் ஒருமுறையேனும் கொடுத்து மாணவரைத் தடுமாறச் செய்வது அவர்களுக்கு நன்மையே.

சரியாக வடக்கு நோக்கிச் செல்லும் கி = 40 போன்ற கோட்டிற்குச் சாய்வு என ஓர் எண் கூற இயலாது. சாய்வையும் வெட்டுத்துண்டையும் கொண்டு எழுதும் சமன்பாட்டு வடிவம் இங்குக் கைவிட்டுவிடும். கி = 40, கி = 47.5 ஆகிய இரண்டும் இணை என்பதைப் பொது வடிவமே தடையின்றிக் காட்டும். களப்பணியாளர் பொது வடிவத்தையே பழகிக்கொள்வது நலம்.

மாறிலிக்கு ஓர் உயரம்

தோட்டத்தில் வரிசைகளின் திசை 3, 4 என்னும் குணகங்களால் அமைய வேண்டும் என்பதை யார் முடிவு செய்தது? சரிவுதான். நீர்மட்டக் குழாயைக் கொண்டு மூன்று இடங்களின் உயரத்தை அளந்தால் இது விளங்கும். ஆதிப்புள்ளி உயர் ஓதமட்டத்திற்கு மேல் 2 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிழக்கே 100 மீட்டரிலுள்ள முளை 5 மீட்டர் உயரத்தில். வடக்கே 100 மீட்டரிலுள்ள முளை 6 மீட்டர் உயரத்தில் எனக் கொள்க. கிழக்கே ஒரு மீட்டருக்கு 0.03 மீட்டர் ஏற்றம். வடக்கே ஒரு மீட்டருக்கு 0.04 மீட்டர் ஏற்றம். எனவே எவ்விடத்திலும் உயரம்

உ = 2 + 0.03கி + 0.04வ

ஆகும். உயரம் 5 மீட்டராக உள்ள இடங்கள் யாவை? உ-வுக்கு 5 என இட்டுச் சுருக்கினால் 3கி + 4வ = 300 கிடைக்கும். முதலிற் கட்டிய கயிறே அது! உயரம் 6 மீட்டருக்கு 3கி + 4வ = 400. சீராகச் சரிந்த நிலத்தில் சமவுயரக் கோடுகள் யாவும் இணைகோடுகளே என்பதும், மாறிலி மாறுவது உயரம் மாறுவதே என்பதும் இதனால் பெறப்படும். ஒரு மீட்டர் உயர வேறுபாட்டிற்கு மாறிலி 100 மாறுகிறது; இடைத்தூரம் 100 ÷ 5 = 20 மீட்டர். சரிவு நூற்றுக்கு ஐந்து என்பதற்கு இது பொருந்துகிறது.

மீட்டருக்கு ஒரு வரப்பு வீதம் 300, 400 ஆகிய கோடுகளில் வரப்பு அமைத்தால், அவற்றின் இடையே 7.5 மீட்டர் இடைவெளியில் இரு தென்னை வரிசைகள் கொள்ளும். எஞ்சிய 12.5 மீட்டரை இருபுறமும் சமமாகப் பங்கிட்டால், வரப்பிலிருந்து 6.25 மீட்டர் தள்ளி வரிசை தொடங்கும். மாறிலிகள் 331.25, 368.75 ஆகும்.

இக்கணக்கு எல்லாம் நிலம் உண்மையிலேயே ஒரு சமதளமாகச் சரிந்திருந்தால்தான் செல்லும். அதனைச் சோதிக்க நான்காவது முளை ஒன்று போதும். கிழக்கே 100, வடக்கே 100 மீட்டரில் சமன்பாடு கூறும் உயரம் 9 மீட்டர். குழாயின் நீர்மட்டம் 8.9 என்றோ 9.1 என்றோ காட்டினால் குறையில்லை. 8 எனக் காட்டினால் நிலம் வளைந்துள்ளது. சமவுயரக் கோடுகளும் வளையும். நேர்கோட்டுச் சமன்பாட்டை அந்நிலத்தின் மீது திணித்தால் வரப்பின் ஒரு முனை தாழ்ந்து, மழைநீர் அங்கே திரண்டு உடைத்துக்கொண்டு போகும். தீவின் குன்றுகளில் இந்நிலைமையே மிகுதி. அங்கு நிலத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று முளை, சோதனைக்கு நான்காவது முளை என அளப்பதே முறை.

கரைக்கோடு நகர்ந்த கதை

மாறிலியின் மாற்றம் எத்தகைய விளைவைத் தரும் என்பதைத் தென் அந்தமான் 2004 டிசம்பர் 26 அன்று கண்டது. சுமத்ராவுக்கு அப்பால் எழுந்த பெரும் நிலநடுக்கத்தைத் தொடர்ந்து வந்த ஆழிப்பேரலையை உலகம் அறியும். அந்நிலநடுக்கத்தால் போர்ட் பிளேர் சுற்றுப்புறத்து நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது என்பதை அத்தனை பேர் அறியார். அலை வடிந்தது, தாழ்ந்த நிலம் அலையோடு மீண்டெழவில்லை. சிப்பிகாட் பகுதியின் தாழ்ந்த வயல்களில் ஓதந்தோறும் கடல்நீர் புகுந்தது.

மேற்கூறிய தோட்டத்தையே கொண்டு இதைக் கணக்கிடலாம். தாழுமுன் உயர் ஓதக் கோடு, அதாவது உயரம் 0 ஆகும் கோடு, 3கி + 4வ = −200; ஆதிப்புள்ளியிலிருந்து 40 மீட்டர் கீழே. நிலம் ஒரு மீட்டர் தாழ்ந்தால் சமன்பாட்டின் 2 என்பது 1 ஆகும். கோடு 3கி + 4வ = −100 ஆகிவிடும். சாய்வு மாறவில்லை, கடல் 20 மீட்டர் உள்ளே வந்துவிட்டது. இனி, நிலம் நூற்றுக்கு ஐந்து அன்றி, ஆயிரத்திற்கு நான்கு வீதமே சரிந்த வயல் எனக் கொள்க. குணகங்கள் 0.0024, 0.0032, இவற்றின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலம் 0.004. ஒரு மீட்டர் தாழ்வை 0.004ஆல் வகுத்தால் 250 மீட்டர். ஒரே நிலநடுக்கம், ஒரே ஒரு மீட்டர் தாழ்வு. குன்றுச் சரிவில் 20 மீட்டர் இழப்பு, வயலில் 250 மீட்டர் இழப்பு. நெல் விளையும் சமநிலமே பெரிதும் கடலுக்கு இரையானதன் காரணம் √(அ² + ஆ²) என்னும் அவ்வகுத்தியில் அடங்கியிருக்கிறது.

திசைகாட்டியும் வரைபடமும்

களத்தில் கோட்டின் திசை பெரும்பாலும் திசைகாட்டியால் அளக்கப்படும். வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எத்தனை பாகை என்பதே அவ்வளவு. ஒரே திசையளவு உடைய கோடுகள் இணையானவை. இதே நகரின் வீர சாவர்க்கர் வானூர்தி நிலையத்தில் 3,290 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதையின் முனைகளில் 04, 22 என்னும் எண்கள் தீட்டப்பட்டுள்ளன. அவை காந்த வடக்கிலிருந்து ஏறக்குறைய 40, 220 பாகை என்பதைப் பத்தில் சுருக்கிக் கூறுவன. 40 பாகை என்றவுடன் சாய்வு 40 பாகையின் தொடுகோட்டு விகிதமான 0.84 என எழுதிவிடலாகாது. பாடநூற் சாய்வு கிழக்கிலிருந்து அளக்கப்படுவதாகலின், 50 பாகைக்குரிய 1.19 என்பதே சரி. திசையளவு தெரிந்தால், அதன் கோசைனைக் கி-யின் குணகமாகவும், சைனைக் குறைக்குறியுடன் வ-வின் குணகமாகவும் எழுதுவதே எளிது. காந்த வடக்கையே வட அச்சாகக் கொண்டால், 40 பாகைக்கு 0.766கி − 0.643வ = ம. இவ்வடிவில் வர்க்கங்களின் கூட்டுத்தொகை ஒன்றாகிவிடுவதால் மாறிலிகளின் வேறுபாடே இடைத்தூரம் ஆகும். பாதையின் அகலம் 45 மீட்டர் எனக் கொண்டால் ஒரு விளிம்பின் மாறிலிக்கும் மறு விளிம்பின் மாறிலிக்கும் 45 வேறுபாடு. வகுத்தல் எதுவும் வேண்டா.

நிலவுருண்டையில் அட்சக் கோடுகள் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. தீர்க்கக் கோடுகளோ துருவத்தில் கூடிவிடும். டெய்ரி ஃபார்ம் அமைந்த அட்சத்தில் ஒரு பாகைத் தீர்க்க இடைவெளி 109 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டில் அது 111 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. கட்டம் இட்ட வரைபடத்தில் வடக்கு நோக்கிய கட்டக் கோடுகள் தம்முள் இணையாக இருப்பினும் உண்மை வடக்கை நோக்கி இரா. கிழக்குத் தீர்க்கம் 93 பாகையை நடுக்கோடாகக் கொண்ட வரைபடத்தில் இவ்விடத்துப் பிசகு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர். நூறு மீட்டர்த் தோட்டத்தில் அது பத்து சென்டிமீட்டர். தென்னைக் குழியின் வாயைவிடச் சிறிது.

வகுப்பிற்கு ஒரு பயிற்சி

பள்ளி வளாகத்தில் சரிந்த இடமொன்றைத் தேர்ந்து, 20 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் நான்கு மூலைகளிலும் முளை அடிக்கச் செய்க. மூலைச் செங்கோணத்தை 3, 4, 5 மீட்டர் கயிற்றால் சரிபார்க்கலாம். ஒளி ஊடுருவும் குழாயில் நீர் நிரப்பி, மூன்று முளைகளின் உயர வேறுபாட்டை மாணவர் அளந்து சமன்பாடு எழுதட்டும். நான்காம் முளையின் உயரத்தை முதலில் கணக்கிட்டுப் பலகையில் எழுதிய பின்னரே அதனை அளக்கட்டும். பின்னர் இரு சமவுயரக் கோடுகளைச் சுண்ணாம்புத் தூளால் வரைந்து, இடைத்தூரத்தைக் கணக்கிலும் நாடாவிலும் காண்க. நாடாவை எத்திசையிற் பிடிப்பது என்பதை ஆசிரியர் முன்கூட்டிச் சொல்லாதிருத்தல் வேண்டும். சிலர் சதுரத்தின் பக்கத்தோடு பிடிப்பர். சிலர் கோட்டிற்குச் செங்குத்தாகப் பிடிப்பர். இரு குழுவினரின் அளவுகளும் பலகையில் அருகருகே எழுதப்படட்டும்.